சம்மட்டியும் வியாழக்கிழமைப் பக்கமும்

முதல் நாள் பேச்சு அவளுக்கு வரிசை மாறாமல் நினைவில் இருக்கிறது. பிரஸ் கூடத்தின் வாசலில், கால் பழகாத பாதுகாப்புக் காலணியோடு நின்றிருந்தாள். கையில் நீல அட்டை போட்ட பயிற்சிக் குறிப்பேடு. கிரீஸ் படிந்த துணியில் விரல்களைத் துடைத்துக்கொண்டே ஒரு தடித்த மனிதர் எதிரே வந்தார்.

“யாரும்மா நீ? வழி தவறி வந்துட்டியா?”

“காலேஜ்லேருந்து வரேன் சார். டிரெயினிங்.”

“சாரெல்லாம் அந்தக் கண்ணாடி ரூம்ல இருக்காரு. நான் மெஷினுக்கு அச்சு மாட்டுற செட்டர். எத்தனை நாளைக்கு?”

“பன்னெண்டு வாரம்.”

“பன்னெண்டு வாரமா? வெட்டுக் கேஸ்ல உள்ளே போனவனே அதுக்குள்ள ஜாமீன்ல வெளியே வந்துடுவானே! அப்படி என்ன தப்பு பண்ணினே?”

“மெக்கானிக்கல் எடுத்தேன்.”

அவர் சிரித்த சிரிப்பில் பக்கத்து மெஷின்காரர் திரும்பிப் பார்த்தார்.

“பரீட்சையெல்லாம் பாஸா?”

“இதுவரைக்கும் எல்லாம் பாஸ். ஆனா இதை முடிக்காம டிகிரி தர மாட்டாங்க.”

“ஒரு வாரம் குறைஞ்சா?”

“முதல்லேருந்து மறுபடியும்.”

“அப்ப காய்ச்சல் வந்தாலும் இங்கேயே வந்து படுத்துக்கோ. அந்த நோட்டுல என்ன எழுதுவே?”

“தினமும் பார்த்ததை, செஞ்சதை.”

“பார்த்ததையெல்லாம் எழுதினா உனக்கு எவன் கையெழுத்துப் போடுவான்?”

பதிலுக்கு அவர் காத்திருக்கவில்லை. மெஷின்களின் இரைச்சலுக்கு மேலே குரலை எடுத்துக் கத்தினார். “தங்கச்சி! உனக்குத் துணைக்கு ஆள் வந்திருக்கு. பேரு பன்னெண்டு வாரம்!”

அன்றிலிருந்து அந்தக் கூடத்தில் அவளுக்கு அதுவே பெயர். அவரை எல்லோரும் சம்மட்டி என்றார்கள். நான்காம் நம்பர் பிரஸ்ஸில் உட்காரும் அவருடைய தங்கையை, அவரைப் பார்த்து மற்றவர்களும் தங்கச்சி என்றே கூப்பிட்டார்கள். ஓய்வு பெற இரண்டே வருடம் பாக்கியிருந்த வாட்ச்மேன்கூட, “என்ன தங்கச்சி, இன்னிக்கு லேட்டு?” என்பார்.

கதவுக் கீல் செய்கிற தொழிற்சாலை அது. ஆறு பிரஸ்கள் வரிசையாக நின்றன. தகட்டை அச்சின்மேல் வைத்தால், மேலிருந்து ராம் என்கிற இரும்புக் கட்டை இறங்கி ஒரே அடியில் வெட்டித் துளையும் போட்டுவிடும். ஒவ்வோர் அடிக்கும் தரை அதிர்ந்து, அவளுடைய பல்லுக்குள் எதிரொலித்தது. முதல் வாரம் வீட்டுக்குப் போய்ச் சோற்றை மெல்லும்போதும் அந்த அடி கேட்டது.

சம்மட்டி என்ற பெயர் அவருக்குப் பத்தொன்பது வயதில் வந்தது. அதைப் பக்கத்து மெஷின்காரர் டீ நேரத்தில் சொன்னார். தங்கச்சி வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒருவன் அவளைப் பற்றி வாய்க்கு வந்ததைப் பேசினான். சம்மட்டி வருவதைப் பார்த்ததும் உடை மாற்றும் அறையின் இரும்பு அலமாரிக்குள் புகுந்து உள்ளேயிருந்து இழுத்துப் பிடித்துக்கொண்டான். இவர் கதவைத் திறக்கச் சொல்லவில்லை. பெரிய சம்மட்டியை எடுத்து வந்து அலமாரியை நான்கு பக்கமும் அடித்தார். கசங்கிய டப்பா மாதிரி ஆகும்வரை அடித்தார். உள்ளே இருந்தவனுக்கு ஒரு மாதம் காது கேட்கவில்லை. “அலமாரிக்குத்தான் செம அடி. பாவம், அது என்ன பண்ணுச்சு?” என்று பக்கத்து மெஷின்காரர் சிரித்தார். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை.

அதற்கு முன்னால் நடந்ததைச் சம்மட்டியே சொன்னார், அச்சின் போல்ட்டை முறுக்கிக்கொண்டே, நேற்றைய மழையைப் பற்றிச் சொல்வதுபோல. அப்பா பெல்ட்டைத் தண்ணீரில் ஊறவைத்து அடிப்பாராம். அம்மா ஒரு நாள் கிளம்பிப் போனவள் திரும்பவில்லை. பதினைந்து வயதில், தங்கச்சியின் முதுகில் பெல்ட் விழுந்த அன்று, இவர் அப்பாவை மாடிப்படியில் உருட்டிவிட்டார். அப்பாவுக்கு இடுப்பு எலும்பு முறிந்தது. அடுத்த எட்டு வருடம் அதே அப்பாவை இவர்தான் குளிப்பாட்டி விட்டார்.

“குளிப்பாட்டும்போது திட்டுவாரா?” என்று கேட்டாள்.

“திட்டுவார். நானும் தண்ணியைக் கொஞ்சம் சூடாத்தான் ஊத்துவேன்.”

“கல்யாணம்?”

“ஆச்சு. ஒரே ஒரு தடவை அடிச்சேன். ஒரு தடவை போதும்னு சொல்லிட்டுப் போயிட்டா. சரியான ஆளு அவ.” ஸ்பேனரைக் கையில் எடைபோடுவதுபோல ஒருமுறை தூக்கிப் பார்த்தார். “என் கை கொஞ்சம் அவசரக் கை. அதனாலதான் அதுக்கு எந்நேரமும் வேலை கொடுத்துக்கிட்டே இருக்கேன்.”

அவருக்குப் பயப்படுவதா, பாவப்படுவதா என்று அவளுக்குப் புரியவில்லை. இரண்டையும் செய்தாள். குறிப்பேட்டில் இரண்டையும் எழுதவில்லை.

குறிப்பேட்டுக்கென்று ஒரு விதிப் பட்டியலே இருந்தது. நாள் ஒன்றுக்கு ஒரு பக்கம், ஆங்கிலத்தில். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் மேற்பார்வையாளரின் கையெழுத்து, கம்பெனி முத்திரை. பன்னிரண்டு வாரமும் ஒரே இடத்தில். ஏதாவது ஒரு பக்கம் பொய் என்று தெரிந்தால் மொத்தப் பயிற்சியும் ரத்து. எட்டு செமஸ்டர் பாடங்களிலும் முதல் வகுப்பில் தேறியிருந்தாலும், இது இல்லாமல் பட்டம் கிடையாது.

ஆனால் கையெழுத்துப் போட வேண்டிய ஃபோர்மேனுக்குப் பொறுமை கிடையாது. கண்ணாடி அறையில் உட்கார்ந்திருப்பார். கோணலாக வெட்டுப்பட்ட கீலைப் பார்த்தால் வெளியே வந்து, வெட்டியவரின் முழங்காலுக்குக் கீழே குறிபார்த்து அதையே எறிவார். அதன் ஓரம் பிளேடு மாதிரி இருக்கும். தங்கச்சியின் கணுக்காலில் அப்படி மூன்று தழும்புகள் இருந்தன. அவை அண்ணன் அங்கே இல்லாத நேரத்தில் பட்டவை. அவருக்குத் தெரியக் கூடாது என்று வருடம் முழுக்க நீளக் காலுறை போட்டிருந்தாள்.

முதல் வாரம் மாலையில் பக்கத்தை நீட்டியபோது அவர் எரிந்து விழுந்தார். “தினம் தினம் உனக்குக் கையெழுத்துப் போட்டுக்கிட்டே இருந்தா நான் எப்ப வேலை பார்க்கறது? போன வருஷம் வந்த பசங்க என்ன செஞ்சாங்க? திங்கக்கிழமை காலையிலேயே அஞ்சு பக்கத்தையும் எழுதிட்டு வா. மொத்தமாப் போட்டுத் தரேன்.”

“நடக்காததை எப்படி சார் எழுதறது?”

“இங்க என்ன புதுசா நடக்கப் போகுது?”

போன வருடத்து மாணவன் ஒருவனின் குறிப்பேட்டை வாங்கிப் பார்த்தாள். அவனும் அப்படித்தான் எழுதியிருந்தான். அவனுக்கு முந்தியவனும் அப்படித்தான். அவர்கள் எல்லோரும் பட்டம் வாங்கியாயிற்று. இரண்டாவது வாரத்திலிருந்து ஞாயிற்றுக்கிழமை மதியம் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து, வரப்போகிற ஐந்து நாட்களையும் எழுதி முடித்தாள். அப்பா எட்டிப் பார்த்து, “பரவாயில்லையே, ஜோசியமும் சொல்லித் தராங்களா?” என்றார்.

இன்னொன்றும் அந்தக் கூடத்தில் வழக்கமாக இருந்தது. ஒவ்வொரு பிரஸ்ஸிலும் இரண்டு பட்டன். இரண்டு கையாலும் ஒரே நேரத்தில் அழுத்தினால்தான் ராம் இறங்கும். கை இரண்டும் பட்டனில் இருந்தால் அச்சுக்குள் இருக்க முடியாது, அவ்வளவுதான் கணக்கு. ஆனால் அப்படிச் செய்தால் ஃபோர்மேன் கேட்கிற எண்ணிக்கை வராது. அதனால் இடது பட்டனை அழுத்தி, அது மேலே வராதபடி ஒரு ரப்பர் துண்டைச் செருகி வைப்பார்கள். வலது கை மட்டும் பட்டனைத் தட்டும். இடது கை தகட்டை எடுக்கும், வைக்கும். அந்த ரப்பர் துண்டுகளைக் காலையில் விநியோகிப்பவர் ஃபோர்மேன். சாயங்காலம் திருப்பி வாங்கி மேசை இழுப்பறைக்குள் போட்டுக்கொள்வார். கல்லூரியிலிருந்தோ அரசாங்கத்திலிருந்தோ யாராவது வந்தால் ரப்பர் இருக்காது.

“காலையிலேயே நமக்கு ஆப்பு வைக்கிறான் பாரு,” என்று தங்கச்சி அதை வாங்கும்போது சிரிப்பாள்.

ஏழாவது வாரம். அந்த வியாழக்கிழமைக்கு என்ன எழுதுவது என்று ஞாயிறன்று அவளுக்கு ஒன்றும் தோன்றவில்லை. போன வருடத்து நோட்டைப் புரட்டினாள். பாதுகாப்புச் சோதனை பற்றி ஒரு பக்கம் இருந்தது. அதைப் பார்த்து எழுதினாள். நம்பரை மட்டும் மாற்றினாள்.

வியாழன் காலை பத்தரை மணி. வெட்டுப்பட்ட தகடு ஒன்று அச்சில் ஒட்டிக்கொண்டது. தங்கச்சி இடது கையை உள்ளே விட்டு அதை நெம்பினாள். எட்டி நெம்பியபோது அவளுடைய வலது முழங்கை பட்டனில் பட்டது.

அடிச் சத்தம் எப்போதும்போலத்தான் கேட்டது. அதுதான், பார்த்துக்கொண்டு நின்ற அவளுக்குப் பிறகு தாங்க முடியாததாக இருந்தது. பக்கத்து மெஷின்காரர் பதறிப்போய் மெஷினை நிறுத்துகிற சிவப்பு பட்டனை அடித்தார். அடிக்காமல் விட்டிருந்தால் ராம் தானாக மேலே போயிருக்கும். அடித்ததால், கீழே இறங்கியது இறங்கியபடியே நின்றுவிட்டது. கை உள்ளே இருந்தது.

சம்மட்டி ஓடி வந்தார். ஃப்ளைவீல் சக்கரத்தின் துளையில் இரும்புக் கம்பியைச் செருகி, கையாலேயே சுழற்றித்தான் ராமைத் தூக்க வேண்டும். நான்கு பேர் தொங்கினார்கள். சக்கரம் ஒரு விரல் அகலம் நகரும், நிற்கும். அச்சின் ஓரத்திலிருந்து ரத்தம் எண்ணெயோடு சேர்ந்து வழிந்து, கீல்கள் விழும் பெட்டிக்குள் சொட்டியது. தங்கச்சி கத்தவில்லை. நெற்றியை மெஷினில் சாய்த்துக்கொண்டு, “அண்ணே, மெதுவா... அண்ணே, மெதுவா...” என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். ராம் மேலே போனபோது நான்கு விரல்கள் கீழ் அச்சிலேயே தங்கிவிட்டன. கட்டைவிரல் மட்டும் கையோடு வந்தது. சம்மட்டி தன் சட்டையைக் கிழித்து மணிக்கட்டை இறுக்கிக் கட்டி, தங்கச்சியைத் தூக்கிக்கொண்டு ஓடினார்.

எல்லோரும் அவர்கள் பின்னால் ஓடினார்கள். அவள் மட்டும் நான்காம் நம்பர் பிரஸ் பக்கத்திலேயே நின்றாள். அதனால்தான் அதைப் பார்த்தாள். ஃபோர்மேன் குனிந்து, இடது பட்டனிலிருந்து ரப்பரைப் பிடுங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டார். நிமிர்ந்தவர் அவளைப் பார்த்தார்.

“உன் நோட்டைக் கொடு.”

கொடுத்தாள்.

சனிக்கிழமை காலை அறிவிப்புப் பலகையில் நிர்வாகத்தின் அறிக்கை ஒட்டியிருந்தது. மெஷினில் கோளாறு இல்லை, தொழிலாளியின் கவனக்குறைவே காரணம். அப்படி முடிவானால் தங்கச்சிக்கு வேலை போய்விடும், இனி செய்ய வேண்டிய இரண்டு அறுவை சிகிச்சைகளும் அவள் பொறுப்பு. அறிக்கைக்குக் கீழே ஆதாரம் என்று ஒரு நகல். நீல அட்டை நோட்டின் வியாழக்கிழமைப் பக்கம்.

சம்மட்டி இரண்டு நாளாகத் தூங்காத கண்களோடு வந்தார். பலகையைப் பார்த்தார். அந்த நகலைக் கிழித்து எடுத்துக்கொண்டு, லீவு நாளிலும் நோட்டைத் திரும்பக் கேட்க வந்து உடை மாற்றும் அறை வாசலில் நின்ற அவளிடம் போய், கழுத்துப் பட்டியைக் கொத்தாகப் பிடித்து இரும்பு அலமாரியோடு சேர்த்து அடித்தார். அவளுடைய தலை இரண்டு தடவை மோதியது.

“இது உன் எழுத்தா?”

“ஆமா.”

“எனக்கு இங்கிலீஷ் தெரியாது. என்ன எழுதியிருக்கேன்னு படி.”

படித்தாள். படித்ததைத் தமிழில் சொன்னாள். “நாலாம் நம்பர் பிரஸ்ல ரெண்டு கை பட்டனைச் சோதிச்சேன். ரெண்டும் சரியா வேலை செய்யுது.”

“வியாழக்கிழமை சோதிச்சியா?”

“இல்ல.”

“எப்ப எழுதினே?”

“ஞாயித்துக்கிழமை. வீட்ல. திங்கக்கிழமை அவர் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துட்டார்.”

சம்மட்டியின் பிடி தளர்ந்தது. அவரிடமிருந்து மருந்து நெடி அடித்தது. பிறகு அவளைக் கதவை ஒதுக்குவதுபோல ஒதுக்கிவிட்டு, அச்சு மாட்டுகிற நீளப் பிடி ஸ்பேனரை எடுத்துக்கொண்டு கண்ணாடி அறைப் பக்கம் நடந்தார். அவள் பின்னாலேயே போனாள். தடுக்கவா, பார்க்கவா என்று அவளுக்கே தெரியாது. கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்றுவிட்டாள்.

முதல் அடி தோளில். எலும்பு முறிந்தது வெளியே கேட்டது. இரண்டாவது அடி தாடையில். மேசைக் கண்ணாடிமேல் பல் சிதறியது. ஃபோர்மேன் நாற்காலியோடு சரிந்து, நினைவு தப்பி, கை ஒரு பக்கம் கால் ஒரு பக்கமாகத் தரையில் கிடந்தார். சம்மட்டி மூச்சு வாங்கிக்கொண்டு நின்றார். முடிந்தது என்று அவள் நினைத்தாள். அப்போது அவர் குனிந்து, ஃபோர்மேனின் வலது கையை இழுத்து விரல்களைத் தரையில் விரித்து வைத்தார். அச்சை மட்டம் பார்ப்பதுபோல ஒரு கணம் பார்த்தார். மணிக்கட்டின்மேல் காலை வைத்து அழுத்திக்கொண்டு ஸ்பேனரை ஓங்கினார்.

பிறகு அதை மேசைமேல் வைத்துவிட்டு, வந்தவர்கள் உட்காரும் நாற்காலியில் உட்கார்ந்தார். ஓடிவந்த வாட்ச்மேனிடம், “ஆம்புலன்ஸைக் கூப்பிடு. போலீஸையும் கூப்பிடு. ஆம்புலன்ஸ் முதல்ல,” என்றார்.

தொழிற்சாலை ஆய்வாளரின் விசாரணைக்கு முன்னால், கல்லூரியில் பயிற்சிக்குப் பொறுப்பான பேராசிரியர் அவளைக் கூப்பிட்டு உட்கார வைத்தார். நல்ல மனிதர். தண்ணீர் கொடுத்தார். “அந்தப் பக்கம் பொய்னு நீயே சொன்னா பன்னெண்டு வாரமும் போச்சும்மா. உன் கூடப் படிக்கிறவங்க எல்லாம் பட்டம் வாங்கும்போது நீ வெளியே நிப்பே. ஒண்ணும் சொல்லாம இரு. எழுதினது எழுதினதா இருக்கட்டும்.”

விசாரணையில் அவள் எழுதியது எப்போது என்பதையும், ஃபோர்மேன் பைக்குள் போட்டது என்ன என்பதையும் சொன்னாள். அடுத்த வாரமே பயிற்சி ரத்து என்று கல்லூரியிலிருந்து கடிதம் வந்தது. அப்பா அதைப் படித்துவிட்டு நான்கு நாள் அவளோடு பேசவில்லை. ஆய்வாளர் தங்கச்சிமேல் தவறில்லை என்று தீர்ப்பெழுதினார். கம்பெனி விடவில்லை, மேல்முறையீட்டுக்குப் போனது. இனி தங்கச்சியின் வேலையும் சிகிச்சையும் ஒரே ஒரு சாட்சியின் வார்த்தையில் தொங்கின. பக்கம் எழுதியவளே அந்தச் சாட்சி.

அதற்கு முன்னால் சம்மட்டியின் அடிதடி வழக்கு வந்தது. கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்ற அவளைத் தவிர யாரும் பார்த்திருக்கவில்லை. ஃபோர்மேனுக்கே இரண்டாவது அடிக்குப் பிறகு நடந்தது எதுவும் தெரியாது. நாற்காலியோடு விழுந்தபோது கை நசுங்கியிருக்கும் என்று சம்மட்டியின் வக்கீல் சொல்லத் தயாராக இருந்தார். ஆத்திரத்தில் விழுந்த இரண்டு அடி என்றால் ஒரு வருடத்தில் வெளியே வந்துவிடலாம்.

தங்கச்சி கட்டுப் போட்ட கையோடு அவள் வீட்டுக்கே வந்தாள். “ரெண்டுன்னு சொல்லும்மா. அவ்வளவுதான் கேட்கறேன். பொய்யா எழுதத் தெரிஞ்ச உனக்குப் பொய்யா ஒரு வார்த்தை சொல்ல வராதா? எனக்காக ஒரு பக்கம் எழுது.”

நீதிமன்றத்தில் அவள் மூன்று என்று சொன்னாள். மூன்றாவது அடி எங்கே விழுந்தது, அதற்கு முன்னால் அவர் குனிந்து என்ன செய்தார், எவ்வளவு நேரம் பார்த்தார் என்பதையும் சொன்னாள். நான்கு வருடம் தண்டனை. தங்கச்சி நீதிமன்ற வராந்தாவில் எதிரே வந்து, கட்டுப் போடாத வலது கையால் அவள் கன்னத்தில் அறைந்தாள். உதடு கிழிந்து வாய்க்குள் ரத்தம் உப்புக் கரித்தது. அவள் கையைக்கூடத் தூக்கவில்லை.

மேல்முறையீட்டில் கம்பெனி வக்கீல் அவளை மூன்று மணி நேரம் துளைத்தெடுத்தார். தொழிலாளிகளோடு சேர்ந்துகொண்டு கதை கட்டுகிறாள் என்றார். அவர்கள் ஆளுக்கே நான்கு வருடம் வாங்கிக் கொடுத்த சாட்சி ஆயிற்றே என்று நடுவர் கேட்டதும் அவர் கோப்பை மூடிவிட்டு உட்கார்ந்தார். தங்கச்சிக்கு ஸ்டோர் அறையில் வேலை கிடைத்தது. இரண்டு அறுவை சிகிச்சைகளும் கம்பெனி செலவில் நடந்தன. அவளைக் கண்டால் தங்கச்சி இன்றும் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள்.

அவள் மறு வருடம் வேறொரு தொழிற்சாலையில் மறுபடியும் பன்னிரண்டு வாரம் போனாள். அங்கே இருந்த மேற்பார்வையாளர் தினமும் மாலையில் கையெழுத்துப் போடச் சலித்துக்கொண்டார். வாசலிலேயே காத்திருந்து வாங்கினாள்.

தங்கச்சிக்கு ஒன்று தெரியாது. சொல்லக் கூடாது என்பது சம்மட்டியின் உத்தரவு.

அடிதடி வழக்கில் சாட்சி சொல்வதற்கு முந்தைய வாரம், சிறையில் கம்பி வலைக்கு அந்தப் பக்கம் சம்மட்டி வந்து நின்றார். இளைத்திருந்தார். புருவத்துக்கு மேலே புதிதாக ஒரு வெட்டு. கேட்காமலே சொன்னார், “உள்ளே ஒருத்தன் கை நீட்டினான். நானும் நீட்டினேன். அதை விடு. தங்கச்சி உன்னைப் பார்க்க வந்தாளாமே?”

“வந்தாங்க.”

“ரெண்டுன்னு சொல்லச் சொன்னாளா?”

“ஆமா.”

“அவளுக்கு என்ன தெரியும்? கை எலும்பு இரும்புல அடிச்சு உடைஞ்சதுன்னு டாக்டர் எழுதி வெச்சிருக்கான். நீ ரெண்டுன்னு சொன்னா, இந்தப் பொண்ணு நோட்டுலயும் பொய், கூண்டுலயும் பொய்னு அவனுங்க உன்னைத் தூக்கிப் போட்டு மிதிப்பாங்க. அப்புறம் அவ கேஸ்ல நீ சொல்றதை எவன் நம்புவான்?”

காவலர் நேரமாகிவிட்டது என்று கம்பியைத் தட்டினார். சம்மட்டி வலையில் விரல்களைக் கோத்துக்கொண்டு முகத்தைக் கிட்டக் கொண்டுவந்தார்.

“மூணுன்னு சொல்லு, பன்னெண்டு வாரம். முதல் ரெண்டும் கை தானாப் போனது. மூணாவதை நான் யோசிச்சுத்தான் அடிச்சேன். அதையும் அப்படியே சொல்லு.”